வாசகர் கேள்வி–பதில்: வாலஸ் எங்கே?

பால்டிமோர் நகரத்தின் போதைப்பொருள் வியாபாரத்தையும் அதைத் துரத்துகிற காவல்துறையையும் பற்றிய 'தி ஒயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் குறித்துச் சென்ற இதழில் எழுதியபோது, அதன் முதல் சீசனில் பன்னிரண்டாவதாக வரும் 'க்ளீனிங் அப்' என்ற எபிசோடைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தேன். வாலஸ் என்ற பதினாறு வயதுச் சிறுவன் தன் கூட்டாளிகள் இருவர் கையாலேயே சாகிற எபிசோட் அது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு மரணத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள், கதையின் திருப்பங்கள் இங்கே மறைக்கப்படவில்லை என்பதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

கேள்வி: நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. குற்றத் தொடர் என்றால் கொலைகள் இருக்கத்தானே செய்யும்? இந்தச் சிறுவனின் சாவை மட்டும் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாகப் பேசுவது ஏன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 ஜூன் மாதம் தொடங்கி 2008 மார்ச் வரை, ஐந்து சீசன்களில் 60 எபிசோடுகளாக ஒளிபரப்பான தொடர் இது. முதல் சீசனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்கு பால்டிமோரில் ஏவான் பார்க்ஸ்டேல் என்பவன் நடத்தும் போதைப்பொருள் கும்பலை, ஒரு சிறிய காவல் குழு தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டு மடக்கப் பார்க்கிறது. ஏவானுக்கு வலக்கை ஸ்ட்ரிங்கர் பெல். ஏவானுடைய சகோதரியின் மகன் டி'ஆஞ்சலோ, அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே 'பிட்' என்று அவர்கள் அழைக்கும் முற்றத்தில் விற்பனையைக் கவனித்துக்கொள்கிறான். அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்களில் முக்கியமானவர்கள் போடி, பூட், வாலஸ்.

வாலஸ் குடியிருப்பது பலகை அடித்து மூடிய, ஆளில்லாத வீடு ஒன்றில். அந்த வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. வெளியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து விளக்கு எரியவைத்திருக்கிறான். அவனோடு, யாரும் கேட்பாரற்ற சிறு குழந்தைகள் ஏழெட்டுப் பேர் அங்கே படுத்து உறங்குகிறார்கள். காலையில் அவர்களை எழுப்பி, ஆளுக்கொரு பழச்சாறுப் பொட்டலமும் சிப்ஸும் கொடுத்துப் பள்ளிக்கு விரட்டுவது அவன்தான். ஒரு நாள் அவர்களில் ஒரு குழந்தை வீட்டுப்பாடக் கணக்கோடு வந்து நிற்கிறது. பேருந்தில் இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை பேர் என்ற கணக்கு. குழந்தைக்கு விடை வரவில்லை. அதே கணக்கை வாலஸ் போதைக் குப்பிகளின் இருப்புக் கணக்காக மாற்றிக் கேட்டதும் விடை பட்டென்று வருகிறது. இது மட்டும் எப்படித் தெரிகிறது என்று அவன் கேட்க, இருப்பு தவறினால் அடி விழும் என்கிறது குழந்தை. ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பதை இந்த அரை நிமிடக் காட்சியைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் திரையில் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட பையன்தான், கும்பலின் சரக்கைக் கொள்ளையடித்தவர்களில் ஒருவனான பிராண்டனை வீடியோ விளையாட்டுக் கடையில் பார்த்துவிட்டுத் தகவல் சொல்கிறான். அடுத்த நாள் காலை பிராண்டனின் சிதைக்கப்பட்ட உடல் பின்சந்தில் ஒரு காரின் மேல் கிடத்தப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கேமரா அந்த மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் வாலஸின் ஜன்னலைச் சேர்கிறது. தான் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்தது என்பதை அன்றிலிருந்து அவனால் மறக்க முடியவில்லை. வேலையை விடுகிறான், போதையில் விழுகிறான், கடைசியில் காவலர்களிடம் அன்றிரவு வந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கும்பலில் மனசாட்சி உறுத்தி, கேட்டதும் உண்மையைச் சொன்ன பையன் அவன். அவன்தான் சாகிறான். பார்த்தவர்கள் இன்றும் பேசுவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: பாட்டி வீட்டில் பத்திரமாக இருந்தவன் தானாகத்தானே திரும்பி வந்தான்? அறியாமையால் வந்த வினைக்கு நகரத்தைக் குறை சொல்வது நியாயமா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாமக்கல்)

பதில்: ஐயா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவன் திரும்பி வந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வாக்குமூலம் வாங்கியபின் காவல் குழுவின் தலைவர் லெப்டினன்ட் டேனியல்ஸ் அவனைச் செசபீக் விரிகுடாவுக்கு அப்பால், மேரிலாண்டின் கிழக்குக் கரையோரத்துக் கிராமத்தில் பாட்டியிடம் கொண்டுபோய் விடுகிறார். இரவில் பூச்சிகள் கத்தும் சத்தம்கூட அந்தப் பையனுக்குப் புதிது. போலீஸ் வண்டியின் சைரனும் சண்டைச் சத்தமும் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த அமைதி ஊர்போலவே தெரியவில்லை. அவனுக்குப் பேச அங்கே ஆளில்லை, போகப் பள்ளி இல்லை, செய்ய வேலை இல்லை. இந்த நேரத்தில் நகரத்தில் என்ன நடக்கிறது? மாறுவேடத்தில் போன துப்பறிவாளர் கீமா கிரெக்ஸ் சுடப்பட்டு உயிருக்குப் போராடுகிறார். மொத்தக் காவல்துறையும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. சுட்டவர்களைத் தேடுவதும், செய்தியாளர்களுக்குக் காட்ட மேசையில் போதைப்பொருளைக் குவிப்பதும்தான் அந்த நாட்களின் அவசரம். கொலை வழக்கின் சாட்சியான பதினாறு வயதுப் பையனை யாரும் போய்ப் பார்க்கவில்லை, ஒரு போன் பேசி எப்படியிருக்கிறாய் என்று கேட்கவுமில்லை. அவனே பூட்டைக் கூப்பிட்டுப் பேசுகிறான், பிறகு கிளம்பி வந்துவிடுகிறான்.

இந்தத் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் தொடங்கும்போது, அதில் ஒரு பாத்திரம் பேசும் ஒரு வரி கறுப்புத் திரையில் எழுத்தாக வரும். இந்த எபிசோடுக்கு வைத்திருப்பது வாலஸின் வரி. நான் என்பதே இந்த இடம்தான் என்ற பொருளில் அவன் டி'ஆஞ்சலோவிடம் சொல்வது. பாட்டி வீட்டில் என்ன குறை என்று அவனைக் கேட்பது எளிது. தனக்கென்று இருந்த ஒரே இடம் எதுவோ அங்கே அவன் வந்தான். பெரியவர்களே நடுங்குகிற சாட்சியத்தை ஒரு சிறுவனிடம் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வரும் தனிமையையும் அவனே தாங்கட்டும் என்று விட்டது காவல்துறையின் குற்றம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கேள்வி: சட்டம் படிக்கும் மாணவன் என்ற முறையில் கேட்கிறேன். வாலஸின் கொலையில் உண்மையான முதல் எதிரி யார்? சுட்டவர்களா, சுடச் சொன்ன ஸ்ட்ரிங்கரா? (மாணவர், மதுரை)

பதில்: குற்றப்பத்திரிகை எழுதினால் சுட்டவர்கள் இருவரும், சொன்ன ஒருவனும் அதில் இருப்பார்கள். ஆனால் இந்த எபிசோடைக் கவனமாகப் பார்த்தால், துப்பாக்கியைத் தொடாத கைகள் பல தெரியும். கும்பலின் வழக்கறிஞர் மாரிஸ் லெவி, பின்னாளில் தொல்லை தரக்கூடிய ஓட்டைகளை அடைத்துவிடுங்கள் என்ற பொருளில் ஆலோசனை சொல்கிறார். கொல்லுங்கள் என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. அந்த ஆலோசனை படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் ஒரு பையனின் கையில் துப்பாக்கியாக வந்து சேர்கிறது. எபிசோடின் பெயரே 'சுத்தம் செய்தல்' என்ற அர்த்தத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் சட்டம் படிப்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். இந்த சீசனின் முதல் எபிசோடே ஒரு நீதிமன்றத்தில் தொடங்கும் சாட்சிக் கதைதான். டி'ஆஞ்சலோ மீதான கொலை வழக்கில் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். பாதுகாவலராக வேலை பார்க்கும் பெண் கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சி சொல்லிவிடுகிறாள். பராமரிப்புத் தொழிலாளியான கேன்ட் என்ற மனிதர் மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார். டி'ஆஞ்சலோ விடுதலையாகிறான், கேன்ட் அந்த எபிசோட் முடிவதற்குள் பிணமாகக் கிடக்கிறார். பிறழ்ந்த பெண்ணாவது தப்பினாளா என்றால், அவளும் இந்தச் சுத்தப்படுத்தும் படலத்தில் கொல்லப்படுகிறாள். ஆக, உண்மை சொன்னவருக்கும் பாதுகாப்பில்லை, பயந்து மாற்றிச் சொன்னவளுக்கும் பாதுகாப்பில்லை, சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போன சிறுவனுக்கும் பாதுகாப்பில்லை. முதல் எபிசோடிலிருந்து பன்னிரண்டாவது வரை இந்த ஒரு கோடு நேராக ஓடுகிறது. சாட்சியைக் காக்க முடியாத நீதிமன்றத்தில் சட்டத்தின் மற்ற எல்லா உரிமைகளும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை நீங்கள் எந்தப் பாடநூலிலும் படிக்கலாம், ஆனால் இங்கே அது பெயரும் முகமும் உள்ள மூன்று மனிதர்களாக வருகிறது.

கேள்வி: கொலைக் காட்சியை அவ்வளவு கனமாக ஆக்குவது எது? இயக்குநர் என்ன செய்திருக்கிறார்? (திரைப்படக் கல்லூரி மாணவி, சென்னை)

பதில்: எபிசோடை எழுதியவர் குற்றப் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் பெலக்கானோஸ், இயக்கியவர் கிளெமென்ட் விர்கோ. இந்தத் தொடருக்கு ஒரு பொது விதி உண்டு: பின்னணி இசை கிடையாது. காட்சிக்குள் ஒரு வானொலியோ காரோ பாடினால்தான் பாட்டுக் கேட்கும். சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சிகள் போன்ற சில இடங்களே விதிவிலக்கு. நம் திரைப்படங்களில் சாவுக்கு முன்னரே வயலின் வந்து நம்மைத் தயார்படுத்திவிடும். இங்கே அந்த உதவி இல்லை. அறையின் சத்தமும் மூன்று பையன்களின் குரலும் மட்டும்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாலஸ் தேடுவது அந்தக் குழந்தைகளைத்தான். அவர்கள் அங்கே இல்லை. எங்கே போனார்கள் என்ற கவலையோடு அறை அறையாகப் போகிறவன், திரும்பும்போது போடியின் கையில் துப்பாக்கியைப் பார்க்கிறான். பயத்தில் அவன் உடை நனைகிறது. நீங்கள் என் சிநேகிதர்கள் அல்லவா என்று கெஞ்சுகிறான். ஆண்பிள்ளையாக நில் என்று அதட்டுகிற போடியின் குரலே நடுங்குகிறது. சுடு என்று அவனை அவசரப்படுத்துகிற பூட்டும் அழும் நிலையில்தான் இருக்கிறான். முதல் குண்டுக்குப் பிறகு போடியால் முடிவதில்லை, துப்பாக்கியைப் பூட் வாங்கிக்கொள்கிறான். கொல்லுகிறவர்களும் குழந்தைகள் என்பதைக் காட்சி ஒரு கணமும் மறக்கவிடவில்லை. வாலஸாக நடித்த மைக்கேல் பி. ஜோர்டனுக்கு அப்போது வயது பதினைந்து. பின்னாளில் 'க்ரீட்', 'பிளாக் பாந்தர்' படங்களின் வழியாக நம்மூரிலும் தெரியவந்த அதே நடிகர்தான்.

கேள்வி: இதெல்லாம் உண்மையில் நடக்குமா, அல்லது தொலைக்காட்சிக்காகப் பெரிதாக்கியதா? பால்டிமோர் ஏன் அப்படி ஆனது? (வாசகர், ஈரோடு)

பதில்: தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நாளிதழில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காவல்துறைச் செய்தியாளராக இருந்தவர். 1988ஆம் ஆண்டு முழுவதையும் அந்த நகரத்தின் கொலை விசாரணைப் பிரிவோடு கழித்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் பால்டிமோர் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வுபெற்று, அதன்பின் அதே நகரத்தின் அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். மெல்வின் வில்லியம்ஸ் என்ற பெரிய போதைப்பொருள் வியாபாரி 1984இல் பிடிபட்டது பர்ன்ஸ் பங்கேற்ற ஒட்டுக்கேட்பு விசாரணையில்தான். அவனைப் பற்றி 1987இல் நாளிதழில் தொடர் கட்டுரை எழுதியவர் சைமன். முதல் சீசனின் விசாரணைக்கு அது ஒரு மூல விதை. சிறையிலிருந்து விடுதலையாகி வந்த வில்லியம்ஸ், மூன்றாம் சீசனிலிருந்து ஒரு தேவாலயப் பெரியவராக அதே தொடரில் நடித்திருக்கிறார்.

வாலஸின் கதை மிகையா என்று கேட்கிறீர்கள். இந்த எபிசோட் ஒளிபரப்பானது 2002 செப்டம்பர் முதல் தேதி. ஏழு வாரங்கள்கூட முழுதாக ஆகாத நிலையில், அக்டோபர் 16ஆம் தேதி அதிகாலையில், கிழக்கு பால்டிமோரில் ஒரு வரிசை வீட்டின் கதவை உதைத்துத் திறந்து பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். தன் வீட்டு வாசலில் போதைப்பொருள் விற்கிறவர்களைப் பற்றிக் காவல்துறையிடம் திரும்பத் திரும்பப் புகார் சொன்ன தாயும் அவருடைய ஐந்து குழந்தைகளும் அதில் மாண்டார்கள். தந்தை சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அதே மாதத்தில் அந்த வீட்டின் மீது ஏற்கெனவே ஒருமுறை தீக்குண்டு வீசப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. சாட்சிகளை மிரட்டுவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கி மேரிலாண்ட் மாநிலம் சட்டம் இயற்றியது 2005இல்தான். அந்தக் குடும்பத்தின் வீடு பின்னர் பகுதிக் குழந்தைகளுக்கான மையமாக மாற்றப்பட்டது.

பால்டிமோர் ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1950இல் அந்த நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 9.5 லட்சம். 2000இல் அது 6.5 லட்சமாகவும், 2020இல் 6 லட்சத்துக்கும் கீழாகவும் இறங்கிவிட்டது. நகரத்தை ஒட்டிய ஸ்பாரோஸ் பாயின்ட்டில் இருந்த பெத்லகேம் எஃகு ஆலை ஒரு காலத்தில் 30,000 பேருக்கு வேலை கொடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 2012இல் அந்த ஆலை மூடியேவிட்டது. வேலை போன பிறகு வீடுகள் காலியாகின, காலியான வீடுகளுக்குப் பலகை அடித்தார்கள், பலகை அடித்த வீடுகளில் வாலஸ்கள் குடியேறினார்கள்.

இதற்கெல்லாம் முன்பே வேறொன்று நடந்திருந்தது. எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று வரையறுத்து 1910இல் நகராட்சிச் சட்டம் போட்டது பால்டிமோர். அமெரிக்காவில் இந்த வகையில் அதுவே முதல் சட்டம். 1917இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 1930களில் வீட்டுக்கடனுக்காக வரையப்பட்ட வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் ஆபத்தானவை என்று சிவப்பு வண்ணத்தில் அடையாளமிடப்பட்டன. கடன் கிடைக்காத தெருவில் வீட்டைப் பழுதுபார்க்க முடியாது, விற்கவும் முடியாது. வாலஸ் சாகிற அறையின் சுவர் உதிர்ந்து கிடப்பதற்கும் அந்த வரைபடத்துக்கும் இடையே எழுபது ஆண்டுத் தொடர்பு இருக்கிறது. இதைத் தொடர் நேரடியாகச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் பலகை அடித்த ஒவ்வொரு ஜன்னலும் வேறு மாதிரித் தெரியும்.

கேள்வி: போலீஸுக்குக் குற்றவாளிகள் யார் என்று மூன்றாவது எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ஏன் பன்னிரண்டு எபிசோட் வரை இழுக்கிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. ஒட்டுக்கேட்பை ஒழுங்குபடுத்தும் 1968ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, வேறு வழிகளில் முயன்று பலனில்லை என்று காட்டினால்தான் நீதிபதி அனுமதி தருவார். ஓர் அனுமதிக்கு ஆயுள் முப்பது நாள், பிறகு மறுபடியும் காரணம் காட்ட வேண்டும். குற்றத்தோடு தொடர்பில்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. கும்பல் பயன்படுத்துவதோ பேஜரும் (கூப்பிட வேண்டிய எண்ணை மட்டும் காட்டும் சிறு கருவி) பொதுத் தொலைபேசியும். பொதுத் தொலைபேசியில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பதால், கும்பலைச் சேர்ந்தவன்தான் பேசுகிறான் என்று கூரையின் மேலிருந்து ஒரு காவலர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே கீழே கருவியை இயக்கலாம்.

பேஜரில் வரும் எண்களும் மறைக்குறியீட்டில் இருக்கும். தொலைபேசிப் பொத்தான்களில் நடுவிலுள்ள 5ஐத் தாண்டி எதிர்ப்பக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 1 என்றால் 9, 2 என்றால் 8, 5க்கும் 0வுக்கும் இடமாற்றம். கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கும் கைவிரல் நினைவிலேயே வரும் குறியீடு இது. இதைக் கண்டுபிடிப்பது துப்பாக்கியைக் கையாளத் தெரியாமல் எல்லோரிடமும் திட்டு வாங்கிய பிரிஸ்பிலெவ்ஸ்கி என்ற இளம் காவலர். இந்தப் பொறுமையான வேலை கண்முன் வளர்வதைப் பார்த்திருப்பதால்தான், மேலதிகாரிகள் அவசரப்பட்டுச் சோதனைகளை நடத்தி அதைக் குலைக்கும்போது நமக்கும் கோபம் வருகிறது. இதே எபிசோடில் ஏவான் கைதாகிறான் என்பது உண்மை. ஸ்ட்ரிங்கர் மீது வழக்குப் போட ஆதாரம் போதாமல் அவன் வெளியிலேயே நிற்கிறான் என்பதும் உண்மை.

கேள்வி: ஒரு நகரத்தை இப்படிக் காட்டுவது அந்த ஊர்க்காரர்களுக்கு அவமானம் இல்லையா? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த ஊர்க்காரர்களே பலர் அப்படிக் கருதினார்கள். தொடர் ஓடிய காலத்தில் மேயராக இருந்த மார்ட்டின் ஓமாலி அதை விரும்பவில்லை. 2011இல் காவல் ஆணையராக இருந்த ஃபிரெடரிக் பீல்ஃபெல்ட் இது நகரத்தின் மேல் பூசிய கறை என்று பொதுமேடையிலேயே கண்டித்தார். அவர்களுடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் இருக்கிற ஊர் அது. வாசலில் வெள்ளைச் சலவைக்கல் படிகளை வைத்து நாளும் தேய்த்துக் கழுவிய உழைக்கும் குடும்பங்களின் ஊர்.

ஆனால் 1990 முதல் 1999 வரை ஒவ்வோர் ஆண்டும் 300 பேருக்கு மேல் அங்கே கொல்லப்பட்டார்கள் என்பதும் மறைக்க முடியாதது. காவலில் படுகாயமடைந்த ஃபிரெடி கிரே 2015 ஏப்ரலில் இறந்ததைத் தொடர்ந்து நகரம் கொந்தளித்த ஆண்டிலும் கொலைகள் 340ஐத் தாண்டின. 2023இல் அந்த எண்ணிக்கை 300க்குக் கீழே வந்தது, 2024இல் ஏறக்குறைய 200 ஆகியிருக்கிறது. இந்த இறக்கத்தை மனதார வரவேற்கிறேன். இறந்தவர்களைப் பெயரோடும் முகத்தோடும் காட்டியது அவமதிப்பு என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்களை வெறும் எண்ணிக்கையாக விட்டிருந்தால்தான் அது அவமதிப்பு.

கேள்வி: சிநேகிதனையே சுட்ட போடியை, பிறகு ரசிகர்கள் எப்படி விரும்ப முடிந்தது? எனக்கு மனம் ஒப்பவில்லை. (வாசகர், வேலூர்)

பதில்: ஒப்பாமல் இருப்பதே சரி. மன்னிக்கச் சொல்லித் தொடரும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது எபிசோடில் போடியும் வாலஸும் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஆட்டம் ஆடுவார்கள். டி'ஆஞ்சலோ வந்து உட்கார்ந்து உண்மையான ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பான். ராஜா எப்போதும் ராஜாதான், சிப்பாய்கள் சீக்கிரம் விழுவார்கள் என்பான். கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் கடைசிக் கட்டம் வரை போய்விடலாமே என்று மடக்குவான் போடி. வாலஸைக் கொல்லச் சொல்லும்போது ஸ்ட்ரிங்கர் தூண்டிவிடுவது அந்த ஆசையைத்தான்.

நான்காம் சீசனின் கடைசி எபிசோடில், மரங்கள் அடர்ந்த ஒரு பூங்காவில் துப்பறிவாளர் மெக்நல்டியோடு உட்கார்ந்து போடி பேசுகிறான். பதின்மூன்று வயதிலிருந்து தெருமுனையில் நிற்கிறேன், கணக்கு தவறியதில்லை, சொல்லாத வேலை எதையும் செய்ததில்லை, ஆனால் எங்களுக்காக அவர்கள் எப்போது நின்றார்கள் என்று கேட்கிறான். சதுரங்கத்தில் வரும் அந்தச் சின்னக் காய்கள் போலத்தான் நாங்கள் என்கிறான். சொன்ன வேலைகளில் வாலஸும் ஒன்று என்பதைப் பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவலரோடு அவன் பேசியது வெளியே தெரிந்துவிடுகிறது. அன்றிரவே தன் தெருமுனையில் அவன் கொல்லப்படுகிறான். போலீஸிடம் பேசினான் என்ற சந்தேகத்துக்காக அவன் எதைச் செய்தானோ, அதே காரணத்துக்காக அதுவே அவனுக்கும் நடக்கிறது. பூட் மட்டும் அந்தத் தொழிலைவிட்டு விலகி, ஐந்தாம் சீசனில் ஒரு காலணிக் கடையில் வேலை பார்க்கிறான். கொலை செய்த இருவரில் ஒருவன் செத்தான், ஒருவன் கடையில் மாதச் சம்பளம் வாங்குகிறான் என்பதில் தர்மக்கணக்கு எதுவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: டி'ஆஞ்சலோ சிறையில் 'வாலஸ் எங்கே?' என்று கத்தும் காட்சியில், பதில் தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறான்? (கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: வாலஸ் ஊரைவிட்டுப் போக உதவியவன் அவன். பையன் தொழிலை விட்டுவிட்டான், அவனால் ஆபத்தில்லை என்று ஸ்ட்ரிங்கரிடம் பரிந்து பேசியவனும் அவன். சரக்கோடு பிடிபட்டுக் காவலில் இருக்கும்போது வாலஸ் இறந்துவிட்டது அவனுக்குத் தெரியவருகிறது. பார்க்க வந்த ஸ்ட்ரிங்கரிடமும் வழக்கறிஞர் லெவியிடமும் வேறு எதையும் பேசாமல் அந்த ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். தகவல் அறியக் கேட்கும் கேள்வியாக எனக்கு அது படவில்லை. செய்ததை உன் வாயால் சொல் என்று அவன் கேட்கிறான். ஸ்ட்ரிங்கர் வழக்கைப் பற்றிப் பேசப் பார்க்கிறான், லெவி சமாதானம் செய்யப் பார்க்கிறார். கேள்வி மட்டும் உரத்துக்கொண்டே போகிறது, இருவரும் எழுந்து போகும்வரை.

அந்தக் கேள்வியை அவன் ஸ்ட்ரிங்கரிடம் கேட்டாலும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். வாக்குமூலம் வாங்கிய காவலர்கள், வழக்கைச் சீக்கிரம் முடிக்கச் சொன்ன உயரதிகாரிகள், அவன் வராததைக் கவனிக்காமல் விட்ட பள்ளி என்று பட்டியல் நீளும். அந்த நேரத்தில் டி'ஆஞ்சலோ எல்லா உண்மையையும் சொல்லிவிடத் தயாராக இருக்கிறான். அடுத்த எபிசோடில் அவனுடைய அம்மாவே வந்து, குடும்பம் என்று பேசி மனத்தை மாற்றிவிடுகிறாள். இருபது ஆண்டு தண்டனையை ஏற்றுக்கொண்டு உள்ளே போகிறான். இரண்டாம் சீசனில், தற்கொலைபோலத் தோன்றும்படி, ஸ்ட்ரிங்கரின் ஏற்பாட்டில் சிறையிலேயே அவன் கழுத்து நெரிக்கப்படுகிறது. இந்தக் கதையில் அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு நேர்ந்ததும் இதுதான்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. அவனோடு உட்கார்ந்து இந்த எபிசோடைப் பார்க்கலாமா? நேராகப் பன்னிரண்டாவதிலிருந்து தொடங்கினால் புரியுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: நேராகத் தொடங்க வேண்டாம், பழச்சாறுப் பொட்டலமும் கணக்குப் பாடமும் தெரியாமல் இதைப் பார்த்தால் இது இன்னொரு துப்பாக்கிச் சூடாகப் போய்விடும். முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்று எபிசோடுகளில் யார் யார் என்று குழப்பமாக இருக்கும், அதற்குள் விட்டுவிடாதீர்கள். கெட்ட வார்த்தைகளும் வன்முறையும் பாலியல் காட்சிகளும் ஏராளமாக உள்ள, வயது வந்தோருக்கான தொடர் இது. அதனால் மகனுக்கு இன்னும் மூன்றாண்டு போகட்டும் என்பது என் கருத்து. இப்போது நீங்கள் தனியாகப் பாருங்கள். வாலஸுக்கும் அவனுக்கும் ஏறத்தாழ ஒரே வயது என்பதால், நான்காம் சீசனைத் தொடங்குமுன் சில நாள் இடைவெளி விட்டுக்கொள்வது நல்லது. அது முழுக்க முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரின் கதை.